மறுக்க முடியாதவரிடம் கேட்பது

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் தென்கிழக்கில், பர்செல் மலைத்தொடரின் நடுவே ஜம்போ பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்குள்ள ஒரு பகுதியை டுனாஹா என்னும் தொல்குடி மக்கள் காட்முக் என்று அழைக்கிறார்கள். கிரிஸ்லி கரடித் தெய்வம் குடியிருக்கும் இடம் அது என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தப் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் இயங்கும் பனிச்சறுக்கு விடுதி ஒன்றைக் கட்ட 1991-ல் ஒரு திட்டம் வந்தது. அதன்பின் இருபது ஆண்டுகள் கருத்துக்கேட்பு நடந்தது. அரசு ஒப்புக்குக் கேட்டது என்று சொல்ல முடியாது. திட்டப் பரப்பைச் சுருக்கினார்கள். கரடிகளுக்குப் பாதிப்பு அதிகம் என்று கருதப்பட்ட மேற்குப் பக்கத்திலிருந்து பனிச்சறுக்கு லிஃப்டுகளை எடுத்துவிட்டார்கள். 2009-ல் டுனாஹா மக்கள் தங்கள் முடிவைச் சொன்னார்கள்: மனிதர்கள் இரவு தங்கும் நிரந்தரக் கட்டடம் அங்கே எழுந்தால் தெய்வம் அந்த இடத்தை விட்டுப் போய்விடும், இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. 2012-ல் அமைச்சர் அனுமதி கொடுத்தார். 2017 நவம்பரில் கனடா உச்ச நீதிமன்றம் அந்த அனுமதி செல்லும் என்றது.

இந்த வழக்கில் யாரும் பொய் சொல்லவில்லை. டுனாஹா மக்களின் நம்பிக்கை உண்மையானது என்பதை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. அப்படியிருந்தும் முடிவு இப்படி வந்ததற்குக் காரணம் கருத்துக்கேட்பு என்ற ஏற்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. எவரிடம் எது இருந்தாலும் அதைக் கூட்டிக் குறைக்கலாம் என்ற எண்ணத்தின் மேல் கட்டப்பட்டது அது. வேட்டை நிலம், மீன் வளம், வேலைவாய்ப்பு ஆகியவற்றுக்கு அது பொருந்தும். பாதி இழப்புக்குப் பாதி ஈடு தரலாம். தெய்வத்தின் இருப்பிடத்தில் பாதி என்று ஒன்று கிடையாது. தெய்வம் அங்கே இருக்கும், அல்லது இருக்காது. அரசு கரடிக்காக லிஃப்டை இடம் மாற்றியது. கரடித் தெய்வத்துக்காகச் செய்யக்கூடியது கட்டாமல் இருப்பது ஒன்றுதான். அந்த ஒன்றைத் தவிர வேறு எதையும் பேசலாம் என்று ஓர் அரசு உட்காரும்போது, அந்தத் தெய்வம் அங்கே இல்லை என்ற சமய முடிவைக் கூட்டம் தொடங்குமுன்பே எடுத்துவிடுகிறது. நடுநிலை என்று அதைச் சொல்வது தவறு.

நீதிபதிகளின் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மதச் சுதந்திரம் நம்புவதையும் வழிபடுவதையும் காக்கும், நம்பப்படும் பொருளையே காக்காது என்றார்கள் ஏழு பேர். மற்ற இருவர் நம்பிக்கை காயப்படுவதை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஐம்பது சதுர கிலோமீட்டருக்கும் மேலான பொது நிலத்தின் மீது ஒரு மதக் குழுவுக்கு உடைமை போன்ற அதிகாரத்தை அரசு தரவேண்டியதில்லை என்றார்கள். பல மதங்கள் வாழும் நாட்டில் இது நியாயமான அச்சமாகத்தான் தெரியும். ஆனால் மான்ட்ரியல் நோத்ர-தாம் தேவாலயத்துக்குள் ஒருவர் விடுதி கட்ட வந்தால், அதைத் தடுக்கக் கத்தோலிக்கர்கள் மதச் சுதந்திரத்தைப் பற்றி வாதாடவே வேண்டாம். நிலப் பத்திரத்தைக் காட்டினால் போதும். மண்ணும் மலையுமே கோயிலாக உள்ளவர்களிடம் அந்தப் பத்திரம் இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும்பகுதி எந்த உடன்படிக்கையும் இல்லாமல் எடுத்துக்கொள்ளப்பட்ட நிலம். கேட்காமல் எடுத்ததைப் பொது நிலம் என்று பெயரிட்டு, அதன் மேல் உங்களுக்கு உடைமை எப்படித் தருவது என்று அவர்களிடமே கேட்பதில் என்ன நியாயம்?

இன்னொரு குறையும் சொல்லப்பட்டது: இத்தனை ஆண்டு பேசிவிட்டுக் கடைசியில்தான் ‘முடியவே முடியாது’ என்றார்கள் என்பது. புனிதமான அறிவை வெளியாரிடம் எளிதில் சொல்லக்கூடாது என்று வளர்ந்த மூத்தவர்கள், எல்லாம் கைவிட்டுப் போகும் கட்டத்தில்தான் வாய் திறப்பார்கள். முதல் கூட்டத்திலேயே தங்கள் கருவறையைத் திறந்து காட்டாதவர்களுக்கு உரிமை இல்லை என்று ஒரு சட்டம் சொல்லுமானால், அது அந்தச் சமயத்தைப் புரிந்துகொள்ளவே முயலவில்லை.

ஒடிசாவில் இதே கேள்வி வேறு விதமாகக் கையாளப்பட்டது. நியாம்கிரி மலையின் பாக்சைட் தாதுவை லாஞ்சிகர் ஆலைக்காக வெட்டியெடுக்கும் திட்டம் அது. டோங்ரியா கோந்த் மக்களுக்கு அந்த மலை நியாம் ராஜாவின் வீடு. 2013 ஏப்ரல் 18 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் நியாம் ராஜா உண்டா இல்லையா என்று ஆராயவில்லை. சுரங்கம் தங்கள் வழிபாட்டு உரிமையைப் பாதிக்குமா என்பதைக் கிராம சபைகளே கூடிச் சொல்லட்டும் என்றது. மாவட்ட நீதிபதி நிலையில் உள்ள ஒருவர் உடனிருந்து பார்க்கவேண்டும் என்றது. எந்த ஊர்களில் சபை கூடவேண்டும் என்று தேர்ந்தெடுத்தது மாநில அரசு. மலையைச் சுற்றி நூற்றுக்கு மேல் ஊர்கள் இருக்க, பன்னிரண்டை மட்டும் தேர்ந்தது. அது சரியில்லை என்ற புகார் அப்போதே எழுந்தது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பன்னிரண்டு ஊர்களிலும் சபை கூடியது. ஆண்களும் பெண்களும் ஒவ்வொருவராக எழுந்து பேச, அது தீர்மானமாகப் பதிவானது. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் திட்டத்தை நிராகரித்தது.

மதச்சார்பற்ற அரசுக்கு இதில் ஒரு வழி இருக்கிறது. மலையில் தெய்வம் இருக்கிறதா என்று அரசுக்குத் தெரியவேண்டியதில்லை. அந்தக் கேள்விக்கு விடை சொல்லவேண்டியவர் யார் என்று தெரிந்தால் போதும். சமயத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவேண்டிய நிலை இங்கே எழவே இல்லை.

அப்படியானால் ஒரு சிறு சமூகம் ஒரு நாட்டின் தேவையையே தடுத்துவிடாதா? நேர்மையான கேள்விதான், சில இடங்களில் தடுக்கும் என்பதுதான் விடை. குடிநீருக்கும் உயிர்காக்கும் வேறு தேவைக்கும் வழியே இல்லையென்றால், அதை மெய்ப்பிக்கும் சுமை அரசின் மேல் விழட்டும். ஜம்போவில் எடையிடப்பட்டது பனிச்சறுக்கு விளையாட்டு. தொல்குடிகளுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை என்பதும் உண்மை: அதே பகுதியின் ஷுஸ்வாப் மக்கள் திட்டத்தில் செய்த மாற்றங்களால் நிறைவடைந்து அதை ஏற்றார்கள். அவர்கள் ‘சரி’ என்றதை அரசு மதித்ததில் தவறில்லை. அந்தச் ‘சரி’க்குக் கிடைத்த எடை டுனாஹா மக்களின் ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்குக் கிடைக்கவில்லை. 2007-ல் ஐ.நா. ஏற்ற தொல்குடி மக்கள் உரிமைப் பிரகடனம், முன்கூட்டியே, தடையின்றி, விவரம் அறிந்து தரும் ஒப்புதலைக் கேட்கிறது. அன்று அதை எதிர்த்து வாக்களித்த நான்கு நாடுகளில் கனடாவும் ஒன்று. பிறகு மனம் மாறியது. பிரிட்டிஷ் கொலம்பியா 2019-லும் கனடா 2021-லும் அந்தப் பிரகடனத்தை ஒட்டிச் சட்டம் இயற்றின.

ஜம்போவில் விடுதி எழவில்லை. 2020 ஜனவரியில் கனடா மத்திய அரசும் சில அறக்கட்டளைகளும் தந்த பணத்தில், விடுதி கட்டவிருந்த நிறுவனத்தின் உரிமைகள் முடித்துவைக்கப்பட்டன; டுனாஹா மக்கள் பொறுப்பேற்கும் பாதுகாப்புப் பகுதியாக அந்த இடத்தை மாற்றும் வேலை தொடங்கியது. மனநிறைவு தரும் செய்திதான். ஆனால் காட்முக்கைக் காத்தது பணம். கலந்தாலோசனைக்கான உரிமை ஒரு நடைமுறைக்கான உரிமை மட்டுமே, குறிப்பிட்ட முடிவுக்கானது அல்ல என்ற 2017 தீர்ப்பு அப்படியே நிற்கிறது. இப்படி விலை கொடுத்து மீட்க யாரும் முன்வராத மலைகளுக்கும் அதே தீர்ப்புதான் பொருந்தும்.