மூன்றாவது ஒயர்

வீட்டைப் புதுப்பிக்கிறீர்களா? சந்தோஷம். டைல்ஸ் பார்த்தாச்சு. பெயின்ட் கலருக்குக் குடும்பமே உட்கார்ந்து சண்டை போட்டாச்சு. சரி, சுவருக்குள் போகிற ஒயர் என்ன சைஸ்? 'அதெல்லாம் எலெக்ட்ரீஷியன் பார்த்துப்பாரு!'

பார்த்துப்பாரா? அவர் ஏன் பார்க்க வேண்டும்?

ஏறக்குறைய 2,400 வருடங்களுக்கு முன் பிளேட்டோ தன் 'குடியரசு' நூலில் ஒரு மோதிரக் கதை எழுதினார். ஆட்டிடையன் ஒருவனுக்கு மோதிரம் கிடைக்கிறது. அதன் முகப்பை உள்பக்கம் திருப்பினால் ஆள் மறைந்துவிடுவான். அவன் என்ன செய்தான்? ராஜாவைக் கொன்றுவிட்டு நாட்டைப் பிடித்துக்கொண்டான். யாருமே பார்க்காதபோது ஒருத்தன் யோக்கியனாக இருக்க என்ன காரணம் என்பதுதான் அங்கே கேள்வி.

நம் ஊரில் அதற்கு மோதிரம் வேண்டாம். ஜிப்சம் போர்டு போதும். இரும்புச் சட்டம் நிறுத்தி, உள்ளே பைப் ஓட்டி, அதில் ஒயர் இழுத்து, இரண்டு பக்கமும் போர்டு அடித்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிட்டால் முடிந்தது. உள்ளே நடந்தது கடவுளுக்கும் கரப்பான்பூச்சிக்கும்தான் தெரியும்.

பைப்பே இல்லாமல் ஒயரைச் சும்மா தொங்கவிடலாம். என்றைக்கோ நீங்கள் காலண்டர் மாட்ட அடிக்கிற ஸ்க்ரூ அதைத் துளைக்கும். பிளக் பாயின்ட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட வேண்டிய இடத்தில் 1.5 போடலாம். நீளம் போதாத இடத்தில் முறுக்கி, டேப் சுற்றி, பைப்புக்குள்ளேயே தள்ளிவிடலாம். இணைப்பு என்பது திறந்து பார்க்கக்கூடிய பெட்டிக்குள்தான் வர வேண்டும். பைப்புக்குள் போன முறுக்கு நாளாவட்டத்தில் தளரும், சூடாகும். ஆனால் கிருகப்பிரவேசத்தன்று எல்லா லைட்டும் எரியும்!

இதில் என்னை ரொம்பத் தொந்தரவு செய்வது அந்தப் பச்சை ஒயர், எர்த். மற்ற இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் ஃபேன் சுற்றாது, நீங்களே கூப்பிட்டுக் கத்துவீர்கள். எர்த் இல்லாவிட்டால்? எல்லாமே ஓடும், வருஷக்கணக்கில். கீசருக்குள் ஒரு நாள் மின்சாரம் கசியும்போதுதான் அது இல்லை என்று தெரியும். அப்போது குளியலறையில் நிற்பது நீங்களாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பத்து வருஷம் கழித்துக் குடிவந்தவர் வீட்டுக் குழந்தையாக இருக்கலாம். ஒயரிங் செய்தவருக்கு அந்தக் குழந்தை யாரோ, குழந்தைக்கு அவர் யாரோ.

நான் பி.காம். படித்தபோது ஆடிட்டிங்கில் சொல்லிக்கொடுத்தார்கள்: எல்லா வவுச்சரையும் பார்க்க முடியாது, சிலதை எடுத்துப் பார், மற்றதை ஊகித்துக்கொள். சுவரில் அந்த வசதியும் இல்லை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கிற கருவி வந்திருக்கிறது. கட்டாயம் போடுங்கள். ஆனால் அதுவும் பைப்புக்குள் சூடாகிற முறுக்கைக் கண்டுபிடித்துச் சொல்லாது.

எலெக்ட்ரீஷியனை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. பாயின்ட்டுக்கு இவ்வளவு என்று பேரம் பேசி, 'பக்கத்துத் தெருவில் இதைவிடக் கம்மியா முடிச்சுக் கொடுக்கிறாங்களே' என்று அடிமாட்டு விலைக்கு இறக்குகிறோமே, அந்தக் குறைந்த பணம் எங்கிருந்து வரும் என்று நினைக்கிறீர்கள்? பளபளக்கும் ஸ்விட்ச்சிலிருந்து வராது. அதைத்தான் நாம் தினமும் பார்க்கிறோமே!

நண்பர் வீட்டில் வேலை செய்த ஒரு எலெக்ட்ரீஷியனைப் பார்த்தேன். ஒயரை இழுத்து முடித்தபின் பைப்புக்குள் ஒரு வெறும் கம்பியையும் விட்டுவைத்தார். எதுக்கு என்று கேட்டேன். "நாளைக்கு இன்னொருத்தன் புதுசா ஒயர் இழுக்க வருவான் சார். சுவத்தை உடைக்காம இழுத்துக்கட்டும்" என்றார். அதற்கு அவர் தனியாகக் காசு கேட்கவில்லை. யார் வருவார் என்றும் அவருக்குத் தெரியாது.

போர்டு அடிக்கிற ஆள் ஏணியோடு தயாராக நின்றார். எலெக்ட்ரீஷியன் நண்பரிடம் போய், "மூடறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடுங்க சார், வேணும்னா போட்டோ எடுத்து வெச்சுக்குங்க" என்றார். நண்பர் போனில் பெயின்ட் கடைக்காரரோடு ஷேடு நம்பர் பேசிக்கொண்டிருந்தார். 'மூடுங்க, மூடுங்க' என்று கையைக் காட்டினார்.