கறைபட ஓர் இடம்

2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் சில நாள்கள் சிங்கப்பூரில் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ஓபிர் சாலையில் 1888-இல் எழுப்பப்பட்டு, அந்நகர்த் தமிழ்க் கத்தோலிக்கரின் தாய்வீடாக இன்றும் விளங்கும் லூர்து அன்னை ஆலயத்தில் ஞாயிறு திருப்பலியில் பங்கேற்று வெளியே வந்தபோது, நம் அக்காள் மகன் மனைவி மக்களோடு காத்திருந்தான். "மாமா, பிள்ளைங்க ஓர் இடத்துக்குப் போகணும்னு ரொம்ப நாளா ஆசைப்படுறாங்க. நீங்களும் வரணும்" என்றான். அருங்காட்சியகமாகவோ பூங்காவாகவோ இருக்கும் என்றெண்ணி உடன் சென்றோம். அது வண்ணம் வாரி இறைக்கும் கூடம்.

இத்தகைய கூடங்கள் இன்று உலகப் பெருநகரங்கள் பலவற்றில் தோன்றியுள்ளன. சுற்றுலாப் பயணிகள் கட்டணம் செலுத்துகிறார்கள். மழையங்கி, தலைமூடி, கண்ணாடி, காலுறை ஆகியவற்றை அணிந்துகொள்கிறார்கள். வெண்ணிறக் கித்தான் ஒன்று சுவரில் சாய்த்து வைக்கப்படுகிறது. பீய்ச்சுக் குப்பிகளிலும் நீர்த்துப்பாக்கிகளிலும் பலூன்களிலும் அடைத்த வண்ணக்குழம்பைக் கித்தான்மீதும் சுவர்மீதும் ஒருவர்மீது ஒருவரும் வீசி மகிழ்கிறார்கள். நேரம் முடிந்ததும் கித்தானைச் சுருட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள்.

"சாமித் தாத்தா, நீங்களும் வாங்க!" என்று பிள்ளைகள் அழைத்தனர். நாம் மறுத்து, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அமர்ந்துகொண்டோம். உள்ளத்தில் ஒரு மறையுரை உருவாகத் தொடங்கியிருந்தது. வண்ணம் வீணாகிறது, பணம் வீணாகிறது, நேரம் வீணாகிறது, அழுக்காக்குவதற்கும் கட்டணமா? இப்படி வாக்கியங்கள் வரிசையாக வந்து நின்றன. அவற்றை நிறுத்தியது ஒரு சிரிப்பொலி. நம் மருமகன் கணக்குத் துறையில் பணிபுரிபவன். சட்டையின் மடிப்புக் கலைந்தாலும் பொறுக்காதவன். அவன் முகமெல்லாம் மஞ்சளும் ஊதாவும் வழிய, மகனைத் துரத்திக்கொண்டு ஓடினான். மூச்சு வாங்க வெளியே வந்த அவனுடைய மூத்த மகள் நம் அருகில் நின்று, "அப்பா இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை, சாமித் தாத்தா" என்றாள். ஒரு தந்தையின் சிரிப்பை மகளுக்கு முதன்முதலாகக் காட்டிய இடத்தை வீண் என்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. அன்று எழுந்த வினாக்களையே இங்கு வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

விளையாட்டைப் பற்றித் திருச்சபையின் மரபு நாம் எண்ணுவதைவிட இரக்கமுள்ளது. நீதிமொழிகள் நூலின் எட்டாம் அதிகாரத்தில், உலகம் படைக்கப்பட்ட வேளையில் ஞானம் இறைவன் திருமுன் மகிழ்ந்து விளையாடிக்கொண்டிருந்ததாகக் காண்கிறோம். மீட்கப்பட்ட எருசலேமைக் கனவு காணும் இறைவாக்கினர் செக்கரியா, அதன் தெருக்களில் சிறுவரும் சிறுமியரும் விளையாடி நிறைந்திருப்பார்கள் என்பதை அந்நகரின் மீட்புக்கு ஓர் அடையாளமாகவே கூறுகிறார் (8:5). பெரியவர்களின் விளையாட்டுக்கும் சான்று உண்டு. பாலைநிலத் துறவியரோடு உரையாடி எழுதிய காசியன் பதிவு செய்துள்ள ஒரு நிகழ்ச்சியைப் புனித தாமஸ் அக்குவினாஸ் தம் 'இறையியல் தொகுப்பில்' எடுத்தாள்கிறார். நற்செய்தியாளரான புனித யோவான் ஓய்வாக விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் இடறல்பட்டனராம். அவர்களுள் வில் வைத்திருந்த ஒருவனிடம், தொடர்ந்து அம்பு எய்துகொண்டே இருக்க இயலுமா என்று வினவினார் புனிதர். எய்துகொண்டே இருந்தால் வில் முறிந்துவிடும் என்றான் அவன். மனித மனமும் அத்தகையதே என்று அவர் விளக்கினாராம்.

அக்குவினாஸ் இத்துடன் நிற்கவில்லை. அரிஸ்டாட்டில் 'யூத்ரபேலியா' என்று அழைத்த நற்பண்பை, அதாவது அளவறிந்து மகிழவும் பிறரை மகிழ்விக்கவும் வல்ல இயல்பை, அவர் தம் அறநெறிக்குள் ஏற்றுக்கொண்டார். இத்தனைக்கும் எபேசியருக்கு எழுதப்பட்ட திருமுகத்தில் (5:4) அதே கிரேக்கச் சொல் தகாத கேலியைக் குறிக்கும் தீய பொருளில் வருகிறது. ஒரே சொல் புண்ணியத்தையும் குற்றத்தையும் சுட்டுவது தற்செயலன்று. விளையாட்டின் இயல்பே அதுதான். எனவே அவர் மூன்று எச்சரிக்கைகளை விதிக்கிறார். விளையாட்டு இழிவானதாகவோ பிறருக்குத் தீங்கு செய்வதாகவோ இருத்தல் ஆகாது. மனத்தின் நிதானம் முற்றிலும் குலைந்துவிடல் ஆகாது. ஆள், காலம், இடம் ஆகியவற்றுக்கு அது பொருந்தியிருத்தல் வேண்டும். இவை எல்லாம் குருமடத்தில் நாம் படித்தவையே. ஆனால் அதே 168-ஆம் வினாவின் நான்காம் பிரிவைத் தேர்வுக்காகப் படித்தோமே தவிர, வாழ்வுக்காகப் படிக்கவில்லை. தானும் மகிழாமல், பிறர் மகிழ்ச்சிக்கும் தடையாக நிற்பவனிடம் குற்றம் உண்டு என்று அங்கே அக்குவினாஸ் கூறுகிறார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அமர்ந்திருந்தபோது அந்தப் பிரிவு நினைவுக்கு வந்தது.

வண்ணத்தை வீசி ஓவியம் ஆக்கும் பழக்கத்தை உலகறியச் செய்தவர் அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் (1912-1956). 1945-இல் அவரும் அவர்தம் மனைவியும் ஓவியருமான லீ கிராஸ்னரும் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில் குடியேறினர். அங்கிருந்த களஞ்சியமே அவரது பணிக்கூடம் ஆயிற்று. கித்தானைத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் சுற்றி நடந்து, குச்சியாலும் காய்ந்த தூரிகையாலும் வண்ணத்தைச் சொட்டியும் ஊற்றியும் 1947 முதல் 1950 வரை அவர் தம் புகழ்பெற்ற ஓவியங்களைத் தீட்டினார். 1953-இல் அத்தரை பலகைகளால் மூடப்பட்டது. கிராஸ்னர் 1984-இல் மறைந்தபின் அப்பலகைகளைப் பெயர்த்தபோது, ஓவியங்களின் விளிம்பைக் கடந்து சிதறிய வண்ணங்கள் அடியில் அப்படியே இருந்தன. 1988 முதல் அவ்விடம் பார்வையாளருக்குத் திறந்துவிடப்பட்டுள்ளது. வருவோர் மெத்தென்ற காலணிகளை அணிந்து அக்கறைகளின்மீது நடக்கிறார்கள்.

தம் ஓவியத்தில் தற்செயல் என்பதே இல்லை என்று பொல்லாக் வலியுறுத்தி வந்தார். பார்ப்பவருக்குச் சிதறலாகத் தோன்றியது அவருக்கு உழைப்பு. அந்த உழைப்பின் மிச்சமே களஞ்சியத் தரை. இன்றைய கூடங்களோ உழைப்பை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் விற்கின்றன என்று ஒருவர் குறை கூறலாம். அக்குறையை நாம் ஏற்கவில்லை. விளையாடுகிறவன் கலைஞனாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கோலிக்குண்டு ஆடும் சிறுவனிடம் பயன் கேட்பது முறையன்று. ஆயினும் பொல்லாக்கின் வாழ்வு வேறொரு பாடத்தைத் தருகிறது. மதுவுக்கு அடிமையாகியிருந்த அவர் 1956 ஆகஸ்டு 11-ஆம் நாள் இரவில் போதையில் ஊர்தி ஓட்டி மரத்தில் மோதி மாண்டார். உடன் பயணம் செய்த இளம்பெண் ஒருவரும் உயிரிழந்தார். கித்தானில் ஒவ்வொரு சொட்டையும் ஆளத் தெரிந்த கைக்குக் கூடத்துக்கு வெளியே அது இயலவில்லை. தரையில் சிந்திய வண்ணத்தை மூடிவைக்கலாம், பின்னர் திறந்தும் காட்டலாம். பிறர் உயிரின்மீது சிந்தியதை அவ்வாறு செய்ய இயலாது. ஆகவே கேட்கவேண்டிய வினா, கறை உண்டாக்கலாமா என்பதன்று. நாம் உண்டாக்கும் கறை யார்மீது விழுகிறது என்பதே.

அவ்வினாவுக்கு விடை அந்தக் கூடத்திலேயே இருந்தது. நேரம் முடிந்து எல்லாரும் வெளியே வந்தபின், வாளியும் மாப்புமாக ஒரு மூதாட்டி உள்ளே சென்றார். எழுபதை நெருங்கும் வயது, தமிழர். தரையில் தேங்கிய வண்ணத்தை வழித்து வழித்து வாளியில் சேர்த்தார். நம் மருமகனின் மூத்த மகள் சற்றே தயங்கி நின்றுவிட்டு, உள்ளே சென்று, "குடுங்க பாட்டி, நானும் துடைக்கிறேன்" என்றாள். அவர் மாப்பை விடவில்லை. "வேண்டாம்மா. நீங்கதான் காசு கட்டிட்டீங்களே" என்றார். அதில் கசப்பு ஏதும் இல்லை. நடைமுறையைச் சொன்னார், அவ்வளவே. நீங்கள் என்றேனும் இதில் விளையாடியது உண்டா என்று நாம் கேட்டோம். "நானா ஃபாதர்?" என்று சிரித்தார். பிறகு, "பிள்ளைங்க சிரிக்கிற சத்தம் வெளியே வரைக்கும் கேக்கும். அது நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

அவர் தம் கூலிக்கு உழைக்கிறார். அதில் இழிவு எதுவும் இல்லை. அவருடைய சொல்லே நம்மை உறுத்தியது. காசு கட்டிவிட்டால் நாம் உண்டாக்கிய கறையோடு நமக்கு இருந்த உறவு அறுந்துவிடுகிறதா? அக்ரிலிக் வண்ணம் உலர்ந்தால் மெல்லிய நெகிழிப் படலம் ஆகிறது. அது வாளியோடு எங்கே போகிறது என்று நம்மில் எவரும் கேட்கவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடலில் 'வீசியெறியும் பண்பாடு' குறித்து எச்சரித்ததை நம் பங்குகளில் பலமுறை படித்துக் காட்டியிருக்கிறோம். வீசியெறிந்ததை எடுப்பவர் யார் என்பதை எத்தனை முறை நினைத்திருப்போம்?

ஒப்புரவு அருளடையாளத்தில் மனத்துயர், பாவ அறிக்கை, பரிகாரம் என்ற மூன்றையும் நம்மிடம் கேட்கிறது திருச்சபை. கடவுளின் மன்னிப்பு இலவசம். எனினும் பரிகாரம் நீக்கப்படவில்லை. நாம் உண்டாக்கிய சிதைவின் ஒரு சிறு பகுதியையேனும் நம் கையால் சீராக்கும் பேறு அது. பாவத்துக்கே இது பொருந்துமாயின், பாவமற்ற விளையாட்டுக்கு எத்துணைப் பொருந்தும்! நம் ஊர்த் திருமணங்களின் மஞ்சள்நீர் விளையாட்டை எண்ணிப் பாருங்கள். ஊற்றியவர்மீதும் ஊற்றப்படும். குடத்தில் நீர் சுமந்தவளும் நனைவாள், முற்றத்தைக் கழுவியவளும் நனைந்தவளே. வெளியே நின்று துடைப்பதற்கென்று ஒருவர் தனியே இருப்பதில்லை. வண்ணக் கூடத்தில் நாம் இழந்திருப்பது அதைத்தான்.

இங்கே நிறுத்தியிருந்தால் இக்கட்டுரை பிறருக்குச் சொன்ன அறிவுரையாக முடிந்திருக்கும். ஆனால் சிங்கப்பூரின் அந்தக் கண்ணாடித் தடுப்பின் வழியாக நாம் கண்டது வேறொரு சுவரையும்தான்.

1998-ஆம் ஆண்டு. குருவாகி ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்தன. பங்குத் திருவிழாக் கொடியேற்றத்துக்கு இரண்டு நாள்களுக்கு முன் கோவில் முகப்புக்கு வெள்ளையடித்து முடித்திருந்தார்கள். சுண்ணாம்பில் கலப்பதற்காகக் கரைத்து வைத்திருந்த நீலம் ஒரு வாளியில் மிஞ்சியிருந்தது. வெள்ளையடித்தவரின் மகன், ஒன்பது வயதுச் சிறுவன், மறைக்கல்விக்கு வருபவன், அந்த நீலத்தைத் தென்னைநார் மட்டையால் தோய்த்து முகப்புச் சுவரில் வீசினான். ஒருமுறை அல்ல, பலமுறை. நாம் கண்டபோது அவன் தன் கைவேலையைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். நாம் அவன் காதைத் திருகினோம். மற்றப் பிள்ளைகள் பார்த்திருக்க, உச்சி வெயிலில் தனியே சுவரைத் தேய்க்க வைத்தோம். மறுபடியும் வெள்ளையடித்த அவன் தந்தையின் கூலியில் ஒரு நாள் பணத்தையும் பிடித்தோம். அவர் கைகூப்பி, "மன்னிச்சிருங்க சாமி" என்று சொல்லிப் பெற்றுக்கொண்டார். அதன்பின் அச்சிறுவன் மறைக்கல்விக்கு வரவில்லை. அடுத்த ஆண்டு அக்குடும்பம் திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம்.

கோவில் சுவரும் விளையாட்டுக் கூடமும் ஒன்றல்ல என்பதை அறிவோம். இடமறிதல் வேண்டும் என்று அக்குவினாசே சொல்லியிருக்கிறார். அவனைத் திருத்தியது தவறன்று. ஆனால் கறைபடுத்துவதற்கு என்று அவனுக்கு வேறோர் இடம் இருந்ததா? தாளும் தூரிகையும் எப்போதேனும் அவன் கைக்குக் கிடைத்தனவா? கட்டணம் செலுத்த வல்லோர் அதே கையசைவைச் செய்தால் அது பொழுதுபோக்கு. வெள்ளையடிப்பவரின் மகன் செய்தால் கூலிப் பிடித்தம். இந்த வேறுபாட்டை இறைவனின் தராசில் எப்படி நிறுத்திக் காட்டுவோம்?

அநியாயமாகக் கொண்டதை உரியவரிடமே திருப்பித் தரவேண்டும் என்பது ஈடுசெய்தல் பற்றிய நம் அறநெறிப் பாடம். கவனமாகத் தேடியும் உரியவரைக் காண இயலாதபோது, அவருடைய ஆன்ம நலனுக்காக அதைத் தருமமாகக் கொடுக்கலாம் என்கிறார் அக்குவினாஸ். ஊர் திரும்பியதும் பழைய பங்கின் உபதேசியார் வழியாகத் தேடினோம். தெரிந்தவர் எவரும் இல்லை. ஆகவே இப்போதைய பங்கில், மறைக்கல்விக் கூடத்தின் பின்சுவரைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். சுண்ணாம்பும் காவியும் மஞ்சளும் நீலமும் நாமே வாங்கினோம். வீசுகிறவர்களே கழுவ வேண்டும் என்பது ஒன்றே ஒழுங்கு. முதல் கைப்பிடி, கோவிலைக் கூட்டித் துடைக்கும் அம்மாவுடையது. அவர் வெட்கப்பட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, ஓங்கி வீசினார். பாதி சுவரிலும் பாதி நம் வெள்ளை அங்கியிலும் விழுந்தது. பிள்ளைகள் ஆரவாரித்தார்கள். மாலையில் எல்லாருமாகத் தரையைக் கழுவினோம். அங்கியை நாமே துவைத்தோம்; நீலம் முழுதும் போகவில்லை.

அச்சிறுவனுக்கு இப்போது வயது முப்பத்தைந்தைக் கடந்திருக்கும். எங்கோ ஓர் ஊரில் அவனும் தன் தந்தையைப்போலச் சுவர்களுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருக்கலாம். அல்லது தன் பிள்ளைகள் தரையில் சிந்தியதற்காக அவர்களை அதட்டிக்கொண்டிருக்கலாம், நம்மிடம் கற்றபடியே. பின்சுவரில் செய்தது தருமமே. அவனுக்குப் பட்ட கடன் அப்படியே நிற்கிறது. குருவானவர் எத்தனை பேருக்குப் பாவ விடுதலை அளித்தாலும், தமக்குத் தாமே அளித்துக்கொள்ள இயலாது.