மலைக்குப் பட்ட கடன்

மனிதன் பிறக்கும்போதே கடன்பட்டவனாகப் பிறக்கிறான் என்பது நம் சாஸ்திரங்களின் கருத்து. அவன் நாள்தோறும் செய்ய வேண்டிய ஐந்து வேள்விகளுள் பூத யக்ஞமும் ஒன்று. தன்னைத் தாங்கி நிற்கும் பிற உயிர்களுக்கு அவன் செலுத்தும் கைம்மாறு அது. ஆனால், திருப்பித் தர இயலாத ஒன்றை எடுத்துவிட்டவன் அக்கடனை எவ்வாறு தீர்ப்பான்? வெட்டியெடுத்த மலையை யாரால் மீண்டும் வைக்க முடியும்?

டேராடூன் பள்ளத்தாக்கின் மேலே எழும் முசூரி மலைச்சரிவுகள் இக்கேள்வியை நம்முன் வைக்கின்றன. அங்கே பல ஆண்டுகள் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுக்கப்பட்டது. வெடிவைத்துப் பெயர்த்த கழிவுக் கற்கள் சரிவுகளில் தள்ளப்பட்டன, மழைநீர் அவற்றை ஓடைகளில் கொண்டு சேர்த்தது, ஊற்றுகள் வற்றின. 1982-இல் முன்னாள் ராணுவ வீரர்களைக் கொண்டு அமைக்கப்பட்ட பிராந்திய ராணுவத்தின் சுற்றுச்சூழல் படைப்பிரிவு அம்மலைகளைப் பசுமையாக்கும் பணியை ஏற்றது. 1985-இல் உச்ச நீதிமன்றம் பல குவாரிகளை மூட ஆணையிட்டது. வேலையிழக்கும் தொழிலாளர்களுக்கு, அப்பகுதியில் மேற்கொள்ளப்படும் காடு வளர்ப்பிலும் மண் பாதுகாப்பிலும் இயன்றவரை வேலை தர வேண்டும் என்றும் அது பணித்தது. பாறையை உடைத்த கரங்களே செடியை நட வேண்டும் என்பது எத்தகைய பிராயச்சித்தம்!

வெட்டப்பட்ட சரிவில் மண் இல்லை, ஈரம் இல்லை, செடிக்கு உணவாகும் நைட்ரஜனும் இல்லை. அங்கே பெருமரத்தின் கன்றுக்கு முன்பாகப் புதர்ச்செடிகளே தேவைப்படுகின்றன. நம் ஊர் வேலிகளில் வளரும் நொச்சி அம்மலையடிவாரத்துக்கும் சொந்தமானது. கிளையை வெட்டி நட்டாலே வேர்விடும். ஆடுகள் அதை விரும்புவதில்லை. அதன் வேர்கள் சரியும் கற்களைப் பற்றிக்கொள்ளும். முசூரிக்குப் பெயர் தந்ததாகக் கூறப்படும் மன்சூர் என்னும் புதர் நிலச்சரிவுகளிலும் முளைக்கக்கூடியது. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக மாற்றித் தருகின்றன. உதிரும் இலைகள் மக்கி, சிறிது சிறிதாக மண் உருவாகிறது. பின்னால் வரப்போகும் கருவாலி மரத்திற்கு இவ்வாறு இடம் ஆயத்தமாகிறது.

பசுமையாகத் தெரிவதெல்லாம் பரிகாரம் ஆகிவிடாது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுச் செடியாகக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி இமய அடிவாரத்திலும் பரவியுள்ளது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அதுவும் பசுமையே. ஆனால் தன் கீழே பிற கன்றுகளை அது எளிதில் எழ விடுவதில்லை. ஆகவே பிராயச்சித்தம் செய்பவன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்: 'இதை என் மன நிம்மதிக்காகச் செய்கிறேனா, புண்பட்டவரின் நலனுக்காகச் செய்கிறேனா?' முன்னது அகங்காரத்தின் மற்றொரு வடிவம். பின்னதே சேவை. சேவை செய்பவன் தனக்கு விருப்பமானதைத் தருவதில்லை. பெறுபவரின் இயல்பு எதைக் கேட்கிறதோ அதைத் தருகிறான்.

'பரிகாரம் உண்டென்றால் மேலும் வெட்டலாமே' என்று சிலர் வாதிடக்கூடும். மருந்து இருக்கிறது என்பதற்காக யாரும் நஞ்சை உண்பதில்லை. புதர் தழைத்தாலும் போன சுண்ணாம்புக்கல் திரும்புவதில்லை. வற்றிய ஊற்றுகளெல்லாம் மீண்டும் சுரக்கும் என்ற உறுதியும் இல்லை. தவற்றை நிறுத்துவது பிராயச்சித்தத்தின் முதற்படி. செடி நடுவது அதற்கு அடுத்த படி. முதற்படியில் கால் வைக்காதவன் இரண்டாவதில் ஏற முடியாது.

இன்று நொச்சிக் கிளையை ஊன்றுபவர், கருவாலியின் நிழலில் அமரும் நாள்வரை இருக்கப்போவதில்லை. பலனைக் காணாமலேயே அவர் தம் கடமையைச் செய்கிறார். கர்மயோகம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமா?

நம் சொல்லாலும் செயலாலும் புண்பட்ட உள்ளங்களும் அச்சரிவுகளைப் போன்றவையே. அவசரமாகக் கேட்கும் ஒரு மன்னிப்பால் அவை தழைத்துவிடுவதில்லை. முதலில் புண்படுத்துவதை நிறுத்துவோம். பிறகு, அவர்களுக்கு வேண்டியது எதுவோ அதை, பாராட்டை எதிர்பாராமல், நாள்தோறும் சிறிதளவேனும் செய்துவருவோம். இறைவன் அருளால் அங்கும் மண் உருவாகும்.