நரிக்கொம்பும் நம் பணப்பெட்டியும்

மார்கழிக் குளிரில், கிறிஸ்து பிறப்பு விழாவின் நள்ளிரவுத் திருப்பலிக்கு நடந்து வருகையில், ஏரிக்கரைப் பக்கமிருந்து நரிகளின் ஊளை கேட்டதுண்டு என்று ஆவடிப் பகுதி முதியோர் சொல்வர். இன்று அவ்வொலி இல்லை. வயல்கள் மனைகளாகிவிட்டன, பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி மக்கள் நடைப்பயிற்சி செய்கின்றனர். ஆனால், நரியின் பெயரைச் சுமந்த மக்கள் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். நரிக்குறவர் என்று நாம் அழைக்கும் அவர்களைக் காணும்போதெல்லாம் ஒரு வினா நம்மை உறுத்துகிறது: நரி வேட்டையின் பாவம் யாரைச் சேரும்?

இவ்வினா நூலிலிருந்து பிறந்ததன்று. சில ஆண்டுகளுக்கு முன் அம்பத்தூரில் நமக்குத் தெரிந்த கிறிஸ்தவர் ஒருவர் புதுக்கடை திறந்தார். அதை மந்திரிக்கச் சென்றோம். பணப்பெட்டியைத் திறந்து, அதன்மேலும் தீர்த்தம் தெளிக்கும்படி வேண்டினார். உள்ளே வேளாங்கண்ணி அன்னையின் படத்தருகே, மஞ்சள் துணியில் மயிர் அடர்ந்த சிறு பொருள் ஒன்று இருந்தது. "நரிக்கொம்பு, ஃபாதர். வியாபாரத்துக்கு நல்லதுன்னு சொன்னாங்க" என்றார் கூச்சத்துடன். நாம் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல நாளில் மனம் நோகச் செய்வானேன் என்று தீர்த்தத்தைத் தெளித்தோம். அவர் தந்த காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

நரிக்குக் கொம்பு கிடையாது. எப்போதேனும் ஒரு நரியின் மண்டையோட்டில் சிறு எலும்புப் புடைப்பு தோன்றுமாம். அதைத்தான் செல்வம் தரும், வழக்கில் வெற்றி தரும் என்று நம்பி மக்கள் வாங்குகின்றனர். வேறு விலங்குகளின் எலும்பையும் தோலையும் சேர்த்துச் செய்த போலிகளும் சந்தையில் உண்டு. மெய்யாயின் ஓர் உயிர் போயிற்று, போலியாயின் ஏமாந்தோம். இரண்டிலும் நமக்குப் பெருமையில்லை.

நரியைப் பிடிக்கும் பழைய முறை நம்மைச் சிந்திக்க வைப்பது. வேடன் இருளில் வலை விரித்து மறைந்திருந்து, நரியைப் போலவே ஊளையிடுவான். தன் இனம் அழைக்கிறது என்று நம்பி நரி வரும். கடல் கடந்தும் இதுவே வழக்கம். அமெரிக்காவில் நரியின் இனத்தைச் சேர்ந்த கோயோட்டி என்னும் விலங்கைப் பனிக்காலத்தில் வேட்டையாடுவோர், அடிபட்ட முயலின் கதறலைப் போல ஒலியெழுப்பி வரவழைக்கின்றனர். குளிரில் அதன் மயிர் அடர்ந்திருக்கும். தோலுக்கு விலையும் உண்டு. அதிகம் கொன்றவருக்குப் பரிசு என்று போட்டிகள்கூட நடந்தன. கலிபோர்னியா மாநிலம் 2014இல் இத்தகைய பரிசுப் போட்டிகளைத் தடை செய்தது; பிற மாநிலங்கள் சிலவும் அவ்வழி சென்றன.

அப்படியாயின் விலங்கைக் கொல்வதே பாவமா? திருச்சபை அவ்வாறு கற்பிக்கவில்லை. தொடக்க நூலில் மனிதனுக்கு முதலில் தரப்பட்ட உணவு செடிகொடிகளே. வெள்ளப் பெருக்குக்குப் பின்னரே, அதுவும் இரத்தத்தை உண்ணலாகாது என்னும் வரம்புடன், புலால் அனுமதிக்கப்பட்டது. உணவுக்காகவும் உடைக்காகவும் விலங்குகளைப் பயன்படுத்தலாம் என்றும், தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவதும் சாகடிப்பதும் மனித மாண்புக்கே முரணானது என்றும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கூறுகிறது. ஆகவே அளவுகோல் தேவையே.

இவ்வளவுகோலைக் கையிலெடுத்தால் நம் தீர்ப்புகள் பல தலைகீழாகும். ஆங்கிலேயர் ஆட்சியில் உதகமண்டலத்துப் புல்வெளிகளில் துரைமார் குதிரையேறி, வேட்டை நாய்களை ஏவி நரிகளைத் துரத்தினர். அது விளையாட்டு எனப்பட்டது. அதற்கொரு சங்கமும் இருந்தது. அதே நரியைப் பசிக்காகப் பிடித்த குறவனின் செயலோ இழிதொழில் எனப்பட்டது. தேவை இருந்தவனுக்கு இகழ்ச்சி, தேவையற்றவனுக்குப் புகழ்ச்சி!

1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டமும், வேட்டை உரிமங்களை ஒழித்த 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் நரிக்குக் காவலாயின. அது நன்றே. சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரத்தில் பொங்கலையொட்டி வங்காநரியைப் பிடித்து வந்து ஓடவிடும் வழக்கத்துக்கும் வனத்துறை அபராதம் விதிக்கிறது. ஆனால் காட்டை மூடிய நாம், அதை நம்பி வாழ்ந்தவருக்கு வேறு கதவைத் திறந்தோமா? நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கலாம் என்று 1965இல் லோகூர் குழு பரிந்துரைத்தது. அதற்கான மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில். இடையில் ஐம்பத்தேழு ஆண்டுகள்! நரிக்கும் வளையுண்டு, தமக்கோ தலைசாய்க்க இடமில்லை என்னும் பொருளில் நம் ஆண்டவர் கூறியது, சாலையோரம் குழந்தையை மடியிலிட்டுப் பாசிமணி கோக்கும் ஒரு தாயைக் காணும்போது நம் நினைவுக்கு வருகிறது.

அத்தகைய தாய் ஒருவர் நம் ஆலயத் திருவிழாவின்போது வாயிலில் ஊசியும் மணியும் விற்றுக்கொண்டிருந்தார். உங்கள் வீட்டில் இன்னும் வேட்டைக்குப் போவதுண்டா என்று கேட்டோம். "எங்கப்பா காலத்தோட போச்சு, சாமி. இப்ப மணிதான்" என்றார். சற்று நேரம் கழித்து அவரே தொடர்ந்தார்: "ஆனா நரிக்கொம்பு இருக்கான்னு இன்னிக்கும் கேக்குறாங்க, சாமி. கோயிலுக்கு வர்றவங்களும்தான் கேக்குறாங்க."

அச்சொல் நம்மை அந்தப் பணப்பெட்டிக்கே திருப்பி அனுப்பியது. அறநெறி இறையியலின் பாதுகாவலரான புனித அல்போன்ஸ் லிகோரியாரைக் குருமடத்தில் பயின்றபோது, பிறர் செய்யும் தீமையில் ஒருவர் எவ்வாறெல்லாம் பங்கேற்கிறார் என்று பகுத்துப் பகுத்துப் படித்தோம். தீமையை விரும்பி உடன்படுவது ஒன்று. விரும்பாமலேயே அதற்குத் துணைபோவது மற்றொன்று. தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். ஆனால், வாங்குகிறவன் கையும் வலையைப் பிடித்திருக்கிறது என்பதை எழுத்தறியாத ஒரு பெண்மணியே நமக்குக் கற்பித்தார். கடைக்காரர் வாங்கினார், நாம் தீர்த்தம் தெளித்தோம். வேடனுக்கு வயிறு என்னும் நியாயமாவது இருந்தது. நமக்கு என்ன நியாயம் இருந்தது? ஒரு நல்ல மனிதரின் முகம் வாடக்கூடாது என்ற தயக்கம் மட்டுமே. இரக்கம் என்று அதற்குப் பெயரிட்டுக்கொண்டோம். அது கோழைத்தனம் என்று இப்போது சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

மறுவாரமே அக்கடைக்குச் சென்று, அன்று சொல்லாததைச் சொன்னோம். அவர் சினம் கொள்ளவில்லை. "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, ஃபாதர்" என்று மட்டும் கூறினார். அதற்கு நம்மிடம் பதில் இல்லை. அவர் அதை என்ன செய்தார் என்பதை நாம் கேட்கவில்லை. அது அவருடைய மனச்சான்றுக்கு உரியது.

திருவருகைக் காலத்தில் குடில் அமைக்கவும் வீட்டுக்கு வெள்ளையடிக்கவும் நாம் மறப்பதில்லை. அவ்வேளையில் பணப்பெட்டியையும் ஒருமுறை திறந்து பார்ப்போமாக. நம் விசுவாசம் போதாதென்று அதற்குள் எதை ஒளித்து வைத்திருக்கிறோம்? அதற்காக எந்த உயிர் வலையில் விழுந்தது? அதைக் கொண்டுவந்து தந்த ஏழையை, விலை கொடுத்தபின் எந்தக் கண்ணோடு பார்த்தோம்? இம்மூன்று கேள்விகளுக்கும் பதில் தேடிய பின்னரே, நரி வேட்டையின் பாவம் யாரைச் சேரும் என்று பேச நமக்குத் தகுதி உண்டாகும்.