பாராசூட்டில் இறங்கிய மருத்துவர்



அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் குரு ஒதுங்கிப் போனார், லேவியரும் ஒதுங்கிப் போனார். கட்டுப்போட்டுத் தூக்கிச் சென்றவர் ஒரு சமாரியர். நம்மவர் அல்லாத ஒருவரைத்தான் ஆண்டவர் இன்றைய நற்செய்தியில் நம் முன் நிறுத்துகிறார். அந்தத் துணிவில், புனிதர் பட்டியலில் இல்லாத ஒரு ராணுவ மருத்துவரைப் பற்றிப் பேசுகிறேன்.

அவர் பெயர் ஏ. ஜி. ரங்கராஜ். முதல் எழுத்து ஆற்காட்டைக் குறிக்கிறது; நம்மில் எத்தனையோ குடும்பங்கள் இந்தக் கோலார் தங்கவயலுக்குப் பிழைக்க வந்ததும் அந்த வட ஆற்காட்டிலிருந்துதானே! 1941-இல் பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்களில் அவர் ஒருவர். கொரியப் போருக்கு நம் நாடு சண்டையிட ஆள் அனுப்பவில்லை. காயம்பட்டோரைக் கவனிக்க 60-ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவை அனுப்பியது. அதன் தலைவர் இவர்.

1950 டிசம்பர். பியாங்யாங்கிலிருந்து எல்லோரும் பின்வாங்குகிறார்கள். மருந்துப் பெட்டிகளை ஏற்ற வண்டி இல்லை. விட்டுவிட்டு வந்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இவர்களோ கேட்பாரற்று நின்ற ஒரு பழைய நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தார்கள். வரிசையாக நின்று, வாளி வாளியாகக் கைமாற்றிக் கொதிகலனில் தண்ணீர் ஊற்றினார்கள். எஞ்சின் ஓட்டத் தெரிந்தவர்கள் அவர்களிடையே இருந்தார்கள். பாலம் தகர்க்கப்படுமுன் பெட்டிகளோடு தப்பி வந்தார்கள். அடுத்த மார்ச்சில் 3,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் முன்சானில் குதித்தபோது, கூடவே இவர்களில் 12 பேரும் குதித்தார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது.

2021 மார்ச் 26 அன்று தில்லி கண்டோன்மெண்டில், கொரியாவில் சேவை செய்த இந்தியர்களின் நினைவாக இந்திய-கொரிய நட்புப் பூங்காவை இரு நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர்களும் திறந்துவைத்தார்கள். அங்கே மலர்வளையம் வைக்கட்டும், நல்லதுதான். ஆனால் ராணுவ அருங்காட்சியகம் என்றால் பிள்ளைகள் துப்பாக்கி முன்னால்தான் செல்ஃபி எடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் நடுக்கூடத்தில் ஒரு வாளியை வைப்பேன்.

வாளி தூக்கியவர்களின் அருமை உங்களுக்குப் புரியும். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை செய்தவர்களின் பிள்ளைகள் நீங்கள். பாறை வெடித்த செய்தி வந்தால், ஷிஃப்ட் முடிந்து மேலே வந்தவரும் மறுபடி கூண்டில் ஏறுவார். கீழே கிடப்பவன் எந்தச் சாதி, எந்தக் கோயில் என்று ஷாஃப்ட் வாசலில் யாரும் விசாரித்ததில்லை. அந்தக் கூண்டில் ஏறியவர்களை நாம் எங்கே எழுதி வைத்திருக்கிறோம்? 2001-இல் சுரங்கம் மூடியபின், வீட்டுப் பெரியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறார்கள். அந்தப் பெரியவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே, கல்லறைத் திருநாளுக்கு முன், சுரங்கத்தில் மாண்ட உங்கள் வீட்டாரின் பெயர், ஆண்டு, எந்த ஷாஃப்ட் என்பதைத் தெரிந்தவரை ஒரு தாளில் எழுதி சக்ரிஸ்தியில் கொடுங்கள். காப்பாற்றப் போய் இறந்த அடுத்த வீட்டுக்காரர் இந்துவோ முஸ்லிமோ, அவர் பெயரையும் சேருங்கள். பெயர் மறந்துபோயிருந்தால் ‘அம்மாவின் சித்தப்பா’ என்று எழுதினாலும் போதும், திருப்பலியில் அப்படியே வாசிக்கிறேன்.