வினைநோயும் துணைக்கையும்

வினையால் வந்த நோயை நுகர்ந்தே கழித்தல் வேண்டுமெனின், பிறர் செய்யும் உதவி அந்நுகர்ச்சியைத் தடுப்பதாகாதோ என்னும் ஐயம் நம்மவர் சிலர்பால் இன்றும் உண்டு. திருக்கோகர்ணத்தில் எம் தெருவில் வாழும் தாயொருத்தி, நடை குன்றிய தன் பன்னீராண்டு மகனைக் காட்டி, யாது செய்வதென என்னை வினவினாள். "வினைப்பயன், அம்மா, நுகர்ந்தே தீரவேண்டும்" என்றேன். அவள் மறுமொழி கூறாது மகனைத் தோளிற் சுமந்து சென்றாள். நூல்நெறியால் அவ்விடை பிழையன்று. ஆயினும் அன்றிரவு யான் உறங்கவில்லை.

அச்சிறுவனுக்கு வந்தது தசைச்சிதைவு நோய். 1860-களில் இதனை விரித்தெழுதிய துஷேன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் பெயராலேயே இது வழங்குகின்றது. டிஸ்ட்ரோபின் என்னும் புரதம் உண்டாகாமையால் தசைகள் அழிந்து, காலும் கையும் தளர்ந்து, பின்னர் மூச்சும் நெஞ்சமும் தாக்குறும். பெரும்பாலும் ஆண்மக்களையே பற்றும். தாய்வழி வருவதெனப் பெண்டிரைப் பழிப்பாரும் உளர். ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர்க்குத் தாயிடத்து அக்குறை இன்றிப் புதிதாகவே தோன்றுகின்றதென்பதை அவர் அறிவாராக.

உயிர்க்கு அறிவு, இச்சை, செயல் என்னும் மூன்றாற்றலும் உண்டென்றும், அவை விளங்குதற்கு இறைவன் தனு கரண புவன போகங்களைக் கூட்டுவன் என்றும் சித்தாந்தம் கூறும். இந்நோயில் கெடுவது செயற்கருவி. நள்ளிரவில் ஒருபுறம் நொந்தவன் மறுபுறம் திரும்ப விழைகின்றான், உடல் திரும்பாது. எழுந்துவந்து திருப்பிவிடுவார் கை அவன் வினையைத் தடுத்ததோ? அன்று, அவன் இச்சைக்குக் கருவியாயிற்று. நோயைக் கூட்டியது வினை என்பார், உதவுவார் கையையும் அவ்வினைவழியே இறைவன் கூட்டினான் எனக் கொள்ளாமை என்னையோ!

எம்மூர்ப் பிரகதாம்பாள் பெயரால் தொண்டைமான் மன்னர் நவராத்திரியில் அரிசியும் அம்மன்காசும் வழங்கினர். நல்லறமே, ஆயின் கை நீட்டினார்க்கு உரியது. கை நீட்டவியலாதார்க்குச் செய்யும் அறம் காசளவில் முடியாது. நாடோறும் உடனிருத்தல் வேண்டும்.

சேலத்தில் வானவன்மாதேவி, இயல்இசைவல்லபி என்னும் உடன்பிறந்தார் இருவர், தாமே தசைச்சிதைவுற்றவராயிருந்தும், ஆதவ் அறக்கட்டளையை நிறுவி அந்நோயுற்றார்க்குத் துணைநின்றனர். வானவன்மாதேவி 2017-இல் மறைந்தார். ஈவார் இவர், ஏற்பார் இவர் என வகுக்கும் எம் போன்றார் கணக்கு அவர்பாற் செல்லாது.

இரவில் எத்தனை முறை எழுவாய் என்று அத்தாயைப் பின்னொருநாள் கேட்டேன். ஆறேழு முறை என்றாள். தெருவில் இளைஞர் மூவர் முறைவைத்துச் செல்ல இசைந்துள்ளனர். வெள்ளிக்கிழமை இரவு என்னுடையது.