மூச்சே மழையாகும் வீடு

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஜூன், ஜூலை என்றால் குளிரும் மழையும் சேர்ந்து வரும் காலம். நகரின் ஓரத்து மணற்பரப்பில் இருக்கிறது கயெலிட்ஷா. கோசா மொழியில் அதற்குப் 'புது வீடு' என்று பொருள். மழையே பெய்யாத இரவு கழிந்து விடியும்போதும் அங்கே சில வீடுகளில் போர்வை நனைந்திருக்கும். கூரையில் ஓட்டை தேடினால் கிடைக்காது.

அந்த ஈரம் வெளியிலிருந்து வந்ததல்ல. மூடிய அறையில் நான்கைந்து பேர் விட்ட மூச்சு, கொதித்த உலையின் ஆவி, மண்ணெண்ணெய் அடுப்பு எரியும்போது கிளம்பும் நீராவி எல்லாம் மேலே போகின்றன. மேலே சில்லிட்டுக் கிடக்கிறது வெறும் தகரம். அதைத் தொட்டதும் ஆவி துளியாகித் தூங்குகிறவர்கள் மேலேயே சொட்டுகிறது. சுவரில் பூஞ்சை படர்கிறது. குழந்தைகளின் இருமல் ஓய்வதில்லை. விட்ட மூச்சே திரும்பி மழையாகப் பெய்கிற வீடு அது.

1994-இல் நிறவெறி ஆட்சி முடிந்து வந்த அரசு, ஐந்தாண்டுகளில் பத்து லட்சம் வீடுகள் என்று வாக்களித்தது. வீடுகளும் எழுந்தன. ஆனால் கைக்கு அடங்கிய பணத்தில் கட்டிய அந்தச் சிறு வீடுகள் பலவற்றில் உள்கூரை இல்லை. கூரை தெருவிலிருந்தே தெரியும், கணக்கில் ஏறும். உள்கூரையை உள்ளே படுத்துப் பார்த்தவர்தான் அறிவார். நம்மூரில் 'பால்ஸ் சீலிங்' என்றால் விளக்குப் பதிக்கிற அலங்காரம். பெயரிலேயே பொய்யை வைத்திருக்கிறோம். உள்கூரை எவ்வளவு மெய் என்பது அது இல்லாத வீட்டில்தான் தெரிகிறது.

ஜூலை 18 மண்டேலா பிறந்த நாள். அவருடைய 67 ஆண்டுப் பொதுவாழ்வை நினைத்து அன்று 67 நிமிடம் பிறருக்காக உழைப்பது அந்நாட்டு வழக்கம். சுவருக்கு வண்ணம் பூச அந்த நேரம் போதும். இப்படிப்பட்ட வீட்டுக்கு உள்கூரை போடத் தொண்டர்கள் வந்தால் அது போதாது. கட்டிலையும் பானை சட்டிகளையும் வெளியே எடுக்க வேண்டும். ரீப்பர் சட்டங்களை மட்டம் பார்த்து அடிக்க வேண்டும். பிறகு, ஆள் உயரத்தைவிட நீளமான ஜிப்சம் பலகையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். இரண்டு முனையிலும் இருவர் ஏந்தி நிற்க, மூன்றாமவர் திருகாணி முடுக்குகிறார். தோள் கடுக்கிறது, கண்ணில் தூசி விழுகிறது. ஆனாலும் கையை எடுக்க முடியாது. எடுத்தால் பாரம் எதிர்முனையில் இருப்பவர் தலையில் இறங்கும்.

வீட்டுக்காரி ஓரமாகக் கைகட்டி நின்று நன்றி சொல்கிற வேலையல்ல இது. அவளும் ஒரு முனையைப் பிடிக்கிறாள். கோசா மக்களிடம் 'இலிமா' என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒருவர் நிலத்தை ஊரே கூடிக் கொத்தும். அந்த வீட்டார் உணவும் பானமும் தருவார்கள். பிறிதொரு நாள் வேறொருவர் நிலம். அங்கே கொடுப்பவர், பெறுபவர் என்று இரு சாதி கிடையாது. கயெலிட்ஷாவின் குயாசா பகுதியில் 2,300 வீடுகளுக்கு மேல் உள்கூரை போட்டபோதும், அதற்குப் பயிற்சி பெற்று உழைத்தவர்களில் அந்தப் பகுதி மக்களும் இருந்தார்கள்.

மாட்டிய பலகையை அண்ணாந்து பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது. அந்தப் பலகைக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது. அடுப்பின் வெப்பமும், ஒட்டிப் படுத்திருக்கும் பிள்ளைகளின் உடற்சூடும் முன்பே அந்த வீட்டில் இருந்தவைதான். அவை தகரம் வழியே வீணாகிக்கொண்டிருந்தன. பலகை அவற்றைத் தடுத்து நிறுத்துகிறது, அவ்வளவே. உதவி என்பதும் இதுதானோ? இல்லாதவருக்கு எதையோ கொண்டுபோய்க் கொட்டுவதாக நினைத்துக்கொள்கிறோம். அவரிடம் இருப்பது கைநழுவாதபடி ஒரு முனையைப் பிடித்துக்கொள்வதே பெரும்பாலும் நம்மால் ஆகிற காரியம்.

தொண்டர்கள் போய்விடுவார்கள். அன்றிரவும் அதே அடுப்பு, அதே மூச்சு. விடியும்போது போர்வை மட்டும் காய்ந்திருக்கும்.